வாசகர் கேள்வி பதில்: இனத்தின் பெயரால் எடுத்த பணம்

சென்ற இதழில் மலேசியக் கட்சிகளின் பணம் பற்றி நான் எழுதிய ஒரு சிறு பதிலுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தபோது, இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். ஒப்புக்கொண்டார். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்காய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தகத்தின் பக்கமிருந்துதான் பார்க்க வருகிறது.

கேள்வி: முன்னாள் பிரதமர் நஜிப் காஜாங் சிறையில் இருக்கிறார். 1எம்டிபி முடிந்துபோன கதை. இன்னும் எத்தனை காலம் அதையே பேசிக்கொண்டிருப்பீர்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈப்போ

குறைந்தது 2039 வரை பேச வேண்டியிருக்கும், ஐயா. 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனம் 2009இல் திரங்கானு முதலீட்டு வாரியம் என்ற பெயரில் தொடங்கியபோது, 5 பில்லியன் ரிங்கிட்டுக்கு 30 ஆண்டுக் கடன்பத்திரம் வெளியிட்டது. கூட்டரசு அரசாங்கம் அதற்கு உத்தரவாதம் கொடுத்தது. அந்தப் பத்திரம் முதிர்வது 2039இல். இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை வேலைக்குப் போகும் வயது வரும்போதுதான் அந்தக் கடன் தீரும்.

அதே 2009 செப்டம்பரில் பெட்ரோசவூதி என்ற நிறுவனத்தோடு கூட்டு முயற்சி என்று சொல்லி 1 பில்லியன் அமெரிக்க டாலர் அனுப்பினார்கள். அதில் 700 மில்லியன் கூட்டு முயற்சிக்குப் போகாமல், ஜோ லோ என்ற தொழிலதிபரின் கட்டுப்பாட்டில் இருந்த குட் ஸ்டார் என்ற நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. 2012, 2013 ஆண்டுகளில் அமெரிக்க வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் மூன்று முறை பத்திரம் வெளியிட்டுக் கொடுத்தது. மொத்தம் 6.5 பில்லியன் டாலர், அந்த வங்கி எடுத்துக்கொண்ட கட்டணம் மட்டும் சுமார் 600 மில்லியன் டாலர். அந்தப் பத்திரங்கள் 2022இலும் 2023இலும் முதிர்ந்தபோது, அடைக்கும் பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. 2023 மார்ச்சில் 3 பில்லியன் டாலர் பத்திரத்தை நாடுதான் அடைத்தது.

கணக்காய்வு செய்தவள் என்ற முறையில் என் நெஞ்சை உறுத்தும் செய்தி வேறு. அந்த நிறுவனம் சில ஆண்டுகளுக்குள் மூன்று பெரிய கணக்காய்வு நிறுவனங்களை மாற்றியது. எர்ன்ஸ்ட் அண்ட் யங் போய் கே.பி.எம்.ஜி. வந்தது, அது போய் டெலாய்ட் வந்தது. கேள்வி கேட்கும் கணக்காய்வாளரை ஒரு சிறிய சங்கம் மாற்றினாலே சங்கப் பதிவாளர் காரணம் கேட்பார். இங்கே பிரதமரே நிதியமைச்சர், அவரே அந்த நிறுவனத்தின் ஆலோசனை வாரியத் தலைவர். யார் கேட்பது? தலைமைக் கணக்காய்வாளர் எழுதிய அறிக்கையை 2016இல் அரசாங்க இரகசியம் என்று பூட்டினார்கள். ஆட்சி மாறிய பிறகு 2018 மே மாதம்தான் அந்தப் பூட்டு திறந்தது.

இன்னொன்று, ஐயா. நஜிப் முதலில் தண்டனை பெற்றது, 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்.ஆர்.சி. இண்டர்நேஷனல் வழக்கில். அந்த நிறுவனத்துக்கு 4 பில்லியன் ரிங்கிட் கடன் கொடுத்தது அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி. அதற்கும் அரசாங்க உத்தரவாதம் இருந்தது. நீங்கள் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். அந்த நிதி எதற்காக இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் மன்னிப்பு வாரியம் அவருடைய 12 ஆண்டுச் சிறையை 6 ஆண்டாகவும், 210 மில்லியன் அபராதத்தை 50 மில்லியனாகவும் குறைத்தது. 4 பில்லியன் கடனில் யாருக்கும் ஒரு சென் தள்ளுபடி கிடைக்கவில்லை.

கேள்வி: என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் மலாய் நண்பர் நல்லவர். ஆனால் தேர்தல் வந்தால் "எங்க கட்சி தோத்தா எங்க உரிமையே போயிடும்" என்கிறார். என்ன பதில் சொல்வது, அக்கா?
– வாசகர், கிள்ளான்

முதலில் அவரோடு வாதம் பண்ணாதீர்கள், தம்பி. அவருடைய பயத்துக்கு வேர் இருக்கிறது. 1970இல் தீபகற்ப மலேசியாவில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் வறுமையில் இருந்தன, அவற்றில் பெரும்பகுதி கம்பம் எனப்படும் கிராமங்களில் வாழ்ந்த மலாய்க்காரக் குடும்பங்கள். நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ராக்களின், அதாவது மலாய்க்காரர், பூர்வகுடிகளின், கையில் இருந்தது 2.4 விழுக்காடு. பெரும்பங்கு வெளிநாட்டவர் கையில். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1971இல் பிரதமர் துன் ரசாக் கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கை இந்த நிலையை மாற்றத்தான் வந்தது. கம்பத்துப் பிள்ளைகள் டாக்டராகவும் பொறியாளராகவும் ஆனார்கள். அதை மறைத்துப் பேசினால் நண்பர் உங்களை நம்பமாட்டார், நம்பவும் கூடாது.

பிறகு ஒரு சட்டச் செய்தியை மெதுவாகச் சொல்லுங்கள். மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் உள்ள சிறப்பு நிலையைச் சொல்வது அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தாலும், சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர் மன்றம் சம்மதிக்காமல் அதைத் திருத்த முடியாது. ஒரு தேர்தலில் ஒரு கட்சி தோற்பதால் அந்தப் பிரிவு அழியாது. 2018இல் மலாய்க்காரர் கட்சியான அம்னோ தோற்றது. அந்தப் பிரிவில் ஓர் எழுத்து மாறவில்லை.

அதற்கப்புறம் ஃபெல்டா பற்றிப் பேசுங்கள். அவர் உறவினர் யாராவது ஃபெல்டா குடியேற்றக்காரராக இருப்பார். 1956இல் நிலமில்லாதவர்களுக்கு நிலம் கொடுக்க வந்த அமைப்பு அது. 2012இல் ஃபெல்டாவின் எஃப்.ஜி.வி. நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பங்கு 4 ரிங்கிட் 55 சென். உலகத்திலேயே அந்த ஆண்டின் பெரிய வெளியீடுகளில் ஒன்று என்று கொண்டாடினார்கள். 2018 முடிவதற்குள் அந்தப் பங்கு 1 ரிங்கிட்டுக்குக் கீழே போனது. இடையில், 2017இல், இந்தோனேசியாவின் ஈகள் ஹை நிறுவனத்தில் 37 விழுக்காடு பங்கை 505 மில்லியன் டாலருக்கு ஃபெல்டா வாங்கியது. கட்டுப்பாடும் கையில் வராத ஒரு பங்குக்கு அவ்வளவு பணம். 2019 ஏப்ரலில் ஃபெல்டாவைக் காப்பாற்ற அரசாங்கம் 6.23 பில்லியன் ரிங்கிட் ஒதுக்க வேண்டி வந்தது.

ஹஜ் பயணத்துக்காகக் கிராமத்து மக்கள் சிறுகச் சிறுகச் சேர்க்கும் தாபோங் ஹாஜியும் அப்படித்தான். அதன் சொத்தைவிடக் கொடுக்க வேண்டியது அதிகமாகி, 2018இல் சுமார் 19.9 பில்லியன் ரிங்கிட் மதிப்புக்கு அதன் சொத்துகளை அரசாங்கத்தின் தனி நிறுவனத்துக்கு மாற்றித்தான் அதை நிமிர்த்தினார்கள்.

எண்பதுகளில் பேங்க் பூமிபுத்ரா. மலாய்க்காரர்கள் தொழில் தொடங்கக் கடன் கொடுப்பதற்காக 1965இல் வந்த வங்கி. அதன் ஹாங்காங் கிளை நிறுவனம் கேரியன் என்ற குழுமத்துக்கு அள்ளிக் கொடுத்து சுமார் 2.5 பில்லியன் ரிங்கிட் இழந்தது. அந்தக் கணக்குகளை ஆராய அனுப்பப்பட்ட கணக்காய்வாளர் ஜலில் இப்ராஹிம் 1983 ஜூலையில் அங்கே கொல்லப்பட்டார். அவரும் மலாய்க்காரர்தான். தன் இனத்தின் பெயரில் இருந்த வங்கியின் பணத்தைக் காக்கப் போய் உயிரை விட்டவர். என் தொழிலில் இருப்பவர்கள் அவர் பெயரை மறக்கக் கூடாது என்று நினைப்பவள் நான். உங்கள் நண்பரிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: மலாய்க்காரக் கட்சியைப் பற்றி மட்டும் எழுதுவது சுலபம். நம் ம.இ.கா. என்ன யோக்கியம்? மைக்காவைப் பற்றி வாய் திறப்பீர்களா?
– வாசகர், சுங்கை பட்டாணி

திறக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது உங்களுடையதுதான்.

இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனம் மைக்கா ஹோல்டிங்ஸ் 1982இல் தொடங்கியது. இந்தியர்களின் பங்கு அன்று நாட்டின் நிறுவனச் சொத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடு. அதை உயர்த்துவோம் என்று கட்சி மேடைகளில் முழங்கினார்கள். தோட்டம் தோட்டமாகக் கூட்டம் போட்டார்கள். சுமார் 66,000 பேர் பங்கு வாங்கினார்கள், சேர்ந்த தொகை ஏறத்தாழ 106 மில்லியன் ரிங்கிட். பால்மரம் வெட்டியவர்களும் சாலைத் தொழிலாளர்களும் கொடுத்த பணம் அது. தாலிக்கொடியை அடகு வைத்தவர்கள் உண்டு, கடன் வாங்கியவர்கள் உண்டு.

1990இல் டெலிகோம் நிறுவனம் தனியார்மயமானபோது, இந்திய சமூகத்துக்கென்று நிதியமைச்சு 10 மில்லியன் பங்குகளை ஒரு பங்கு 5 ரிங்கிட் விலைக்கு ஒதுக்கியது. மைக்காவுக்கு வந்தது 1 மில்லியன். மீதி 9 மில்லியன் பங்குகள் மூன்று தனியார் நிறுவனங்களுக்குப் போயின. 1992இல் விஷயம் வெளியே வந்தது. ஊழல் தடுப்பு விசாரணை நடந்தது, யார் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அதனால் யாரையும் நான் குற்றவாளி என்று எழுதமாட்டேன். ஆனால் அந்த 9 மில்லியன் பங்குகளின் இலாபம் தோட்டத் தொழிலாளியின் கைக்கு வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 2010இல் வேறொரு நிறுவனம் வந்து, மைக்கா பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து எடுத்துக்கொண்டது. 28 ஆண்டுகள் கழித்து, போட்ட 1 ரிங்கிட்டுக்கு 80 சென். பங்குக்காரர்களில் எத்தனையோ பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

சீனச் சமூகத்துக்கும் இதே காயம் உண்டு. 1986இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 24 வைப்புக் கூட்டுறவுச் சங்கங்களை முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு, சுமார் 1.5 பில்லியன் ரிங்கிட், உள்ளே மாட்டிக்கொண்டது. அவற்றில் சில, சீனர் கட்சியான ம.சீ.ச.வின் தலைவர்களோடு தொடர்புடையவை. அதே ஆண்டு ம.சீ.ச.வின் தேசியத் தலைவர் டான் கூன் சுவான் சிங்கப்பூரில் பான்-எல் நிறுவன வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மலாய்க்காரரின் சேமிப்பை மலாய்க்காரர் பெயரைச் சொன்னவர்களும், சீனரின் சேமிப்பைச் சீனர் பெயரைச் சொன்னவர்களும், நம்முடைய சேமிப்பை நம் பெயரைச் சொன்னவர்களும் கரைத்தார்கள். அடுத்த இனத்துக்காரன் வந்து எடுக்கவில்லை. கேள்வி கேட்டவனை மட்டும் இனத்துரோகி என்றார்கள்.

அதே சமூகத்தில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். இடைத்தரகர்கள் வாங்கித் துண்டு போட்டு விற்றார்கள், தொழிலாளர்கள் லயத்து வீட்டிலிருந்து தெருவுக்கு வந்தார்கள். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். என் அப்பாவும் கட்டினார், எங்கள் லயத்தில் பலரும் கட்டினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். சம்பந்தனும் ம.இ.கா.வின் தலைவர்தான். கட்சி ஒன்று, தலைமுறை வேறு என்று மட்டும் இதை விளக்க முடியாது. கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவை வாசித்தாக வேண்டும். பால்வெட்டுக்காரர் எழுந்து நின்று "இந்தச் செலவு என்ன?" என்று கேட்டால் மேடையில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கம் இன்றும் தோட்டங்களோடு நிற்கிறது.

கேள்வி: கட்சிகளுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? தடுக்கச் சட்டமே இல்லையா?
– இல்லத்தரசி, சிரம்பான்

ஒரு சட்டம் இருக்கிறது, ஆனால் அது வேட்பாளரை மட்டும்தான் பிடிக்கிறது. தேர்தல் குற்றச் சட்டம் 1954இன்படி நாடாளுமன்றத் தொகுதியில் நிற்பவர் 200,000 ரிங்கிட்டுக்கு மேல் செலவு செய்யக் கூடாது, சட்டமன்றத் தொகுதிக்கு 100,000. கட்சி எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு வரம்பு இல்லை. யார் கொடுத்தார் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. அரசியல் நிதிச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள், நான் இதை எழுதும் வரை அது நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

பணம் வந்த வழியைக் கேட்டீர்கள். 1972இல் அம்னோ ஃப்ளீட் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகை அதன் கைக்கு வந்தது. எண்பதுகளில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக் குத்தகை யு.இ.எம். என்ற நிறுவனத்துக்குக் கிடைத்தது. அதன் பங்குகளை வைத்திருந்தது அம்னோவுக்காக இயங்கிய ஹத்திபுடி. ஆளும் கட்சியின் நிறுவனத்துக்கு ஆளும் கட்சியின் அரசாங்கமே குத்தகை கொடுத்தது. எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் நீதிமன்றம் போனார். 1988இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதி இல்லை என்று முடித்துவிட்டது. 1997 நெருக்கடியில் அந்தக் குழுமம் கடனில் மூழ்கியது, 2001இல் அரசாங்கத்தின் கசானா நிறுவனம் எடுத்துக்கொண்டது. நீங்கள் சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் போகும்போது கட்டும் டோல் எந்தக் கதையில் தொடங்கியது என்று இப்போது தெரிந்திருக்கும்.

2013க்கு வருவோம். பொதுத் தேர்தல் மே 5ஆம் தேதி. அதற்கு முந்தைய மார்ச் மாதம் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குக்கு 681 மில்லியன் டாலர், பின்னர் நாளிதழ்கள் எழுதிய 2.6 பில்லியன் ரிங்கிட், வந்தது. சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை என்றார் அவர். 1எம்டிபி பத்திரப் பணம் என்றது அமெரிக்க நீதித்துறை. அந்தப் பெரிய வழக்கில் 2025 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2018இல் ஒரு அடுக்குமாடி வீட்டில் போலீஸார் 116.7 மில்லியன் ரிங்கிட் ரொக்கத்தை, 26 நாட்டு நாணயங்களில், கைப்பற்றினார்கள். அது கட்சிப் பணம் என்றது அம்னோ. 2021இல் உயர் நீதிமன்றம் பறிமுதல் மனுவைத் தள்ளுபடி செய்தது.

ஒரு நாட்டின் ஆளும் கட்சி அத்தனை கோடியை வீட்டில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தது என்று சொல்வதே சட்டப்படி ஒரு தற்காப்பாக நிற்கிறது என்றால், ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அம்மா. கட்சி தன் நன்கொடையாளரை வெளியே சொல்ல வேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

கேள்வி: 2018இல் அன்றைய நிதியமைச்சர் லிம் குவான் எங் "1 டிரில்லியன் கடன்" என்றார். அரசியலுக்காகப் பெருக்கிச் சொன்னார் என்கிறார்கள் சிலர். எது உண்மை?
– சிறு வியாபாரி, ஜொகூர் பாரு

இரண்டு தரப்பும் ஒரே ஏட்டைத்தான் வேறு வேறு இடத்தில் கோடு போட்டுக் கூட்டினார்கள். நேரடிக் கடன் 686.8 பில்லியன் ரிங்கிட். அரசாங்க உத்தரவாதம் கொடுத்து, அரசாங்கமே அடைக்க வேண்டி வரும் என்று கணித்த கடன் 199.1 பில்லியன். தனியார் கட்டிக் கொடுத்த பள்ளி, மருத்துவமனை, சாலைகளுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வாடகை போன்ற கடப்பாடு 201.4 பில்லியன். மூன்றும் சேர்ந்து 1.087 டிரில்லியன். முந்தைய அரசாங்கம் முதல் வரியை மட்டும் காட்டியது.

என் அனுபவத்தில், ஒருவருடைய கடனைப் பார்க்கும்போது அவர் யாருக்கெல்லாம் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று கேட்காத கணக்காய்வாளர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். ஆகவே நான் லிம்மின் கூட்டலோடு நிற்கிறேன். அதே 2018 ஜூனில் இன்னொரு கணக்கு வெளியே வந்தது. இரண்டு எண்ணெய், எரிவாயுக் குழாய்த் திட்டங்களுக்கு 88 விழுக்காட்டுப் பணம் கொடுத்தாகிவிட்டது, முடிந்த வேலையோ 13 விழுக்காடு. இது நேரடிக் கடன் வரியில் ஒருநாளும் தெரிந்திருக்காது.

அந்த நேரத்தில் மக்கள், நாட்டின் கடனை அடைக்க அரசாங்கம் தொடங்கிய தாபோங் ஹராப்பான் நிதிக்கு ஏறத்தாழ 200 மில்லியன் ரிங்கிட் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலைக் கொண்டுவந்தார்கள். எந்த இனத்துப் பிள்ளை என்று அந்த வரிசையில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நம்பிக்கைக்கு எந்த அரசாங்கமும் இன்னும் முழுதாகக் கைமாறு செய்யவில்லை என்பது என் வருத்தம். ஏனென்றால் கடன் ஏறித்தான் வந்திருக்கிறது. கோவிட்டும் ஒரு காரணம். சட்ட வரம்பை 2020இல் உள்நாட்டு உற்பத்தியில் 60 விழுக்காடாகவும், அடுத்த ஆண்டு 65ஆகவும் உயர்த்தினார்கள். 2023 முடிவில் நேரடிக் கடன் மட்டும் சுமார் 1.17 டிரில்லியன். 2024 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சுக்கு 41.2 பில்லியன். கடனுக்கு வட்டி கட்ட ஏறத்தாழ 50 பில்லியன். உங்கள் ஊர்ப் பொது மருத்துவமனையில் விடியற்காலையிலேயே எண் எடுக்க நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலங்கை போல நாமும் ஒருநாள் திவாலாவோமா?
– வாசகி, பட்டர்வொர்த்

அந்த வழியில் ஆகமாட்டோம். இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, கட்டுவதற்கு டாலர் இல்லாததால். நம் அரசாங்கக் கடனில் மிகப் பெரும்பகுதி ரிங்கிட்டில், உள்நாட்டில் வாங்கியது. கடன் கொடுத்தவர்களில் முதன்மையான ஒருவர் யார் தெரியுமா? ஊழியர் சேமநிதி. அதாவது நீங்களும் நானும். நம் பணத்தை நாமே அரசாங்கத்துக்குக் கொடுத்து, நம் வரியிலிருந்து நமக்கே வட்டி வாங்குகிறோம். எரிபொருளுக்கு வரிசையில் நிற்கும் நிலை வராமல் இருக்கலாம். மானியம் குறையும், வரி கூடும், மருத்துவமனைக்குக் கட்டில் வராது, சம்பளம் நகராது.

கேள்வி: எல்லாவற்றையும் கணக்கு கணக்கு என்று சொல்லிவிட்டால் ஆச்சா? இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப் தெருவில் இறங்கியதால்தானே நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள்? இந்தியருக்கென்று கேட்க ஒரு கட்சி வேண்டாமா?
– பெயர் வேண்டாம், ஜொகூர்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பாதி என்னுடையதும்கூட. 2007 நவம்பர் 25ஆம் தேதி கோலாலம்பூர் தெருவில் கண்ணீர்ப்புகையையும் தண்ணீர் பீய்ச்சலையும் தாங்கி நின்றவர்களால்தான் 2008 தேர்தல் மாறியது. சுங்கை சிப்புட்டில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார், ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. நம் குறையை நாம்தான் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளி, தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் வீடு, பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள், இவற்றை வேறு யாரும் நமக்காகப் பேசிவிடப் போவதில்லை.

ஆனால் கேட்டது கிடைத்த பிறகு என்ன ஆனது என்றும் பாருங்கள். இந்தியர் மேம்பாட்டுக்காக மித்ரா என்ற அரசாங்கப் பிரிவுக்கு ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கினார்கள். 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் உள்ளே போய், மானியம் வாங்கிய நிறுவனங்களைச் சேர்ந்தவர்களைக் கைது செய்து விசாரிக்க வேண்டிய நிலை வந்தது. நம் பெயரில் வந்த பணம் அது. அதை எடுத்தவர் நம்மவர் என்பதால் நான் குரலைத் தாழ்த்த வேண்டுமா? தெருவில் இறங்கிய மக்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை, அந்த நூறு மில்லியனில் ஒவ்வொரு ரிங்கிட்டும் எந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குப் போனது என்ற பட்டியல். கட்சி வையுங்கள், நானும் ஓட்டுப் போடுகிறேன். கணக்கை மேடையில் வாசிக்கிற கட்சியாக அது இருக்கட்டும்.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவன், முதல்முறை ஓட்டுப் போட்டவன். கடன், உத்தரவாதம் எல்லாம் பெரிய விஷயம். என் போன்றவனால் என்ன பார்க்க முடியும், அக்கா?
– மாணவர், ஷா ஆலாம்

நிறையப் பார்க்கலாம், தம்பி. ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் அக்டோபரில், வரவு செலவுத் திட்டத்தோடு நிதியமைச்சு தன் இணையத்தளத்தில் நிதிநிலைக் கண்ணோட்டம் என்ற அறிக்கையை வெளியிடுகிறது. இலவசம். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். முன்பக்கத்து வாக்குறுதிகளை விட்டுவிட்டுக் கடன், கடப்பாடு பற்றிய அத்தியாயத்துக்கு நேராகப் போ. அங்கே அரசாங்கம் யாருக்கெல்லாம் ஜாமீன் போட்டிருக்கிறது என்று அட்டவணை இருக்கும். டானாஇன்ஃப்ரா, பிரசரானா என்று அரசாங்க நிறுவனங்களின் பெயர்கள் வரும். பி.டி.பி.டி.என். பெயரும் வரும். உன் வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் கல்விக் கடன் வாங்கியிருப்பார்கள்.

தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் இணையத்தில் கிடைக்கும். உன் மாநிலம், நீ சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனை, உன் ஊர்ச் சாலை, இதில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடு. ஏதாவது நிறுவனத்துக்கு அரசாங்கக் குத்தகை கிடைத்தது என்று செய்தி வந்தால், நிறுவனப் பதிவு ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டி அதன் இயக்குநர்கள் யார், பங்குதாரர் யார், கணக்கு தாக்கல் செய்திருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். கணக்காய்வாளர் மாறியிருக்கிறாரா என்பதை மறக்காமல் பார்.

உன் வீட்டில் யாராவது எந்தக் கட்சியிலாவது கிளை உறுப்பினராக இருந்தால், ஆண்டுக் கூட்டத்துக்கு அவரோடு பேசி அனுப்பு. சங்கங்கள் சட்டம் 1966இன்கீழ் பதிவான கட்சிகள் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாளைக் கிளையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். வாசித்தார்களா, என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது. கட்சி எதுவாக இருந்தாலும் சரி, அந்தக் கடிதத்தை இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.